ரேடான் கருவி 5.7 காட்டுகிறது, தரையை உடைக்கலாமா?

வாசகர் கேள்வி:

"மேடம், எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம். அறுபது எழுபது வீடு இருக்கும். ஊர்க் கோயில் கொடைக்கு என் அக்கா மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருந்து வந்திருந்தான். ரேடான் என்ற வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். அங்கே வீடு வாங்கும்போது இதை வைத்துப் பார்ப்பார்களாம். புதிதாகக் கட்டிய எங்கள் ஏசி ரூமில் ஒரு ராத்திரி வைத்தோம், காலையில் 5.7 காட்டியது. அண்ணன் குடியிருக்கும் பழைய ஓட்டு வீட்டில் 1.1. கொடைக்காக பம்பாயிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டில் 9.2. நாலுக்கு மேல் போனால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று மருமகன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கருவி என்னிடம்தான் இருக்கிறது. ஊரில் இப்போது இதே பேச்சு. கூடங்குளத்தில் இருந்து வருகிறது என்கிறார்கள், போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள், தரையில் போட்ட கிரானைட்டை உடைத்து எடு என்கிறார்கள். டவுனில் இருந்து ஒருவர் வந்து வீட்டுக்கு 1500 ரூபாய் கொடுத்தால் ரேடியேஷன் டெஸ்ட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். போன வருஷம் எங்கள் சித்தப்பா நுரையீரல் புற்றுநோயில் தவறிவிட்டார். அதுவும் இதனால்தானா? 78 வயது அம்மா அரங்கு வீட்டில், அதாவது ஜன்னல் இல்லாத உள்ளறையில் படுக்கிறார்கள். மாடிக்கு மாற்றிவிடவா?"

ஓய்வு பெற்ற தபால்காரர், ராதாபுரம் வட்டம்

பதில்:

அண்ணாச்சி, அவசரமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரானைட்டை உடைக்காதீர்கள். 1500 ரூபாய்க்காரரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏசி ரூமின் ஜன்னலை இன்றைக்கே திறங்கள், ராத்திரியும் ஒரு கதவாவது திறந்திருக்கட்டும். மற்றதெல்லாம் நிதானமாகச் செய்யலாம். ரேடான் இன்று நாளைக்கு ஆளை வீழ்த்துகிற வாயு கிடையாது. இருபது, முப்பது வருஷம் மூச்சோடு மூச்சாக உள்ளே போவதுதான் கணக்கு. மூன்று மாதம் பொறுமையாக அளந்துவிட்டு முடிவெடுத்தால் குடி ஒன்றும் முழுகிப் போகாது.

இப்போது அந்த 5.7-க்கு வருவோம். அமெரிக்காவில் இதை ஒரு லிட்டர் காற்றுக்கு இத்தனை பிகோகியூரி என்று சொல்வார்கள். இங்கே எங்களைப் போன்றவர்கள் ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை பெக்கரல் என்று எழுதுவோம். விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உங்கள் எண்ணை 37-ஆல் பெருக்கினால் போதும். உங்கள் ரூம் ஏறக்குறைய 211, அண்ணன் வீடு 41, பம்பாய்க்காரர் வீடு 340. மருமகன் சொன்ன 4 என்பது 148. அது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை, இதற்கு மேல் இருந்தால் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்று வைத்திருக்கும் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கையேட்டில் 100 பெக்கரலைப் பரிந்துரைத்தது. அந்தந்த நாட்டு நிலைமையில் அது முடியாவிட்டாலும் 300-ஐத் தாண்ட விடாதீர்கள் என்றது. திறந்த வெளிக் காற்றிலேயே 10 பெக்கரல் அளவுக்கு ரேடான் எப்போதும் உண்டு. உலகம் முழுக்க வீடுகளின் சராசரி 40-ஐ ஒட்டி இருக்கிறது. ஆக, அண்ணன் வீடு உலகச் சராசரியில் நிற்கிறது. நாலு என்பது ஆட்கள் பார்த்துப் போட்ட கோடு. 3.9 என்றால் நிம்மதி, 4.1 என்றால் ஆபத்து என்று நுரையீரலுக்குத் தெரியாது.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? உங்கள் காலுக்குக் கீழே இருந்து. பாறையிலும் மண்ணிலும் மிகக் கொஞ்சமாக யுரேனியம் எங்கும் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. அதனால் சிலிண்டர் கேஸ் மாதிரி மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிறந்த ரேடானில் பாதி 3.8 நாளில் சிதைந்துவிடும். அந்த நாலு நாளுக்குள் மண் இடுக்கு வழியாக மேலே வந்து, தரை வெடிப்பிலும் குழாய் நுழையும் ஓட்டையிலும் புகுந்து வீட்டுக்குள் சேர்ந்துகொள்வதுதான் அதன் வேலை. ரேடானை மூச்சில் இழுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். தொந்தரவு செய்வது அதிலிருந்து பிறக்கும் பொலோனியம் முதலான பிள்ளைகள். அவை தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு போய் நுரையீரலில் படிந்து, ஆல்ஃபா கதிரை வீசுகின்றன. ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், நம் தோலைக்கூடத் தாண்டாது. ஆனால் நுரையீரலின் உள்பக்கத்தில் தாளும் கிடையாது, அப்படித் தடுக்கிற தோலும் கிடையாது.

கூடங்குளம் பற்றி ஊரில் பேச்சு எழுவது இயல்புதான். உலை அத்தனை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் ரூமில் அளந்த ரேடான் அங்கிருந்து வந்ததில்லை. உலைக்குப் போகும் யுரேனியம் சுத்திகரிக்கப்பட்டது, அதில் இருந்த ரேடியம் முன்பே பிரிக்கப்பட்டிருக்கும். மறுபடி அதில் ரேடியம் சொல்லும்படி சேர வேண்டுமானால் ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். உலைக்குள் உண்டாகும் வாயுக்கள் வேறு, செனான், கிரிப்டான் என்ற வகை. அப்படியே எங்கோ தூரத்தில் ரேடான் கிளம்பினாலும் ராதாபுரம் வட்டத்தில் அடிக்கிற காற்றில் கலைந்து போய்விடும், உங்கள் வீட்டுக்கு 5.7, அண்ணன் வீட்டுக்கு 1.1 என்று ஆள் பார்த்துப் பங்கு வைக்காது. அணுமின் நிலையத்தைப் பற்றி ஊருக்கு வேறு கேள்விகள் இருந்தால் அவற்றைத் தனியாகக் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். ரேடான் எண்ணைக் காட்டிக் கேட்டால் அந்தக் கேள்விகளும் சேர்ந்து எடுபடாமல் போகும்.

மருமகன் இருக்கும் பென்சில்வேனியாவிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1984 டிசம்பரில், லிமெரிக் என்ற அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் நடந்து போனாலே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. உலை அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. மனிதர் வேலை முடிந்து வெளியே வரும்போது அடிக்க வேண்டிய மணி, காலையில் உள்ளே நுழையும்போதே அடித்தது. கடைசியில் அவர் வீட்டைப் போய் அளந்தார்கள். சுமார் 2700 பிகோகியூரி, நம் கணக்கில் ஒரு லட்சம் பெக்கரல்! வீட்டுக்கு அடியில் இருந்த பாறைதான் காரணம். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் சாதாரண வீடுகளில் ரேடானை அளப்பது இந்த அளவுக்குப் பரவியது. அங்குள்ள வீடுகளுக்குப் பூமிக்கடியில் ஒரு தளம் இருக்கும். குளிர்காலம் முழுக்கக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே சூடேற்றிக்கொண்டு இருப்பார்கள். சூடான காற்று மேலே எழும்ப, மண்ணில் உள்ள வாயுவை வீடு கீழிருந்து இழுக்கும். மருமகனின் பயம் அந்த ஊருக்கு நியாயமானது.

நம் வீடுகள் அப்படிப் பட்டவை இல்லை. அண்ணன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்தில் காற்று புகுந்து புறப்படும். முன்வாசலையும் புறவாசலையும் திறந்தால் வீடே ஒரு குழாய். பம்பாய்க்காரர் வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்திருக்கும். கொடைக்கு வந்து திறந்த முதல் ஒன்றிரண்டு ராத்திரியில் கருவியை வைத்திருப்பீர்கள், மூலை முடுக்கில் தேங்கியது முழுவதும் வெளியேறியிருக்காது. அந்த 9.2-ஐ வைத்து அவர்களைக் கவலைப்பட வைக்காதீர்கள். அடுத்த தடவை வந்து இரண்டு நாள் வீட்டைத் திறந்துபோட்ட பிறகு அளக்கட்டும்.

உங்கள் ரூம்தான் எனக்கு யோசனையைத் தருகிறது. புது வீடு, ஸ்லைடிங் ஜன்னல், இடுக்கில்லாத கதவு, அதில் ஏசி. நிறையப் பேர் ஏசி வெளிக்காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்புகிறது என்று நினைக்கிறார்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அப்படிச் செய்வதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ராத்திரி பத்து மணிக்குச் சாத்தினால் காலை ஆறு மணி வரை தரையில் இருந்து வருவதெல்லாம் அறைக்குள்ளேயே சேரும். மணிக்கு ஒரு முறை காற்று மாறும் அறையையும் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும் அறையையும் ஒரே தரையின்மேல் கட்டினால், இரண்டாவதில் ரேடான் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நிற்கும். அண்ணன் வீட்டுக்கும் உங்கள் ரூமுக்கும் நடுவில் இருப்பதும் ஐந்து மடங்குதான். சரியாக அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முதல் சந்தேகம் எனக்கு அந்தச் சாத்திய கதவின்மேல்தான்.

இரண்டாவது சந்தேகம், பேஸ்மட்டத்துக்குள் என்ன மண்ணைக் கொட்டினீர்கள் என்பதில். உங்கள் பக்கத்தில் செம்மண் கொட்டி நிரப்புவது உண்டு. சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிகளின் சிவப்பு மணலில் இல்மனைட்டோடு மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. கடற்கரையில் கருமணலாக ஒதுங்குவதும் இதே கூட்டம்தான். மணவாளக்குறிச்சியில் இதைப் பிரித்தெடுக்கத்தான் மத்திய அரசின் ஆலை இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் அதிகம். தோரியத்துக்கும் ரேடானைப் போல ஒரு வாயுப் பிள்ளை உண்டு, தோரான் என்று பெயர். அதற்கு ஆயுசு குறைவு, 56 விநாடிக்குள் பாதி போய்விடும். அதனால் அது அறையின் நடுவுக்கு வந்து சேராது, தரையையும் சுவரையும் ஒட்டியே நிற்கும். கருவியைச் சுவரோரமாகவோ தரையிலோ வைத்தால் சில கருவிகள் இந்தத் தோரானையும் ரேடான் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். எங்கே வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தால் அந்த 5.7-ஐ மறந்துவிட்டு மறுபடி வையுங்கள்.

கருமணல் என்றதும் கேரளத்தில் கருநாகப்பள்ளியைச் சிலர் இழுப்பார்கள். அங்கே கடற்கரையோரம் வாழும் சுமார் 70,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, மணலில் இருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அது வெளியிலிருந்து உடம்பில் படும் காமா கதிர் பற்றியது, மூடிய அறையில் மூச்சில் போகும் வாயுவுக்கு அதையே பதிலாகச் சொல்லக் கூடாது.

அந்த 1500 ரூபாய்க்காரரை நான் வேண்டாம் என்றதற்கும் காரணம் இதுதான். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் டிக் டிக் என்று சத்தம் போடும் கைகர் கருவியாக இருக்கும். அது காமா கதிரையும் பீட்டா கதிரையும் எண்ணும். அறைக் காற்றில் எத்தனை ரேடான் என்று அதனால் சொல்ல முடியாது. கிரானைட் பக்கத்தில் கொண்டுபோனால் கொஞ்சம் கூடுதலாக டிக்கும், அதைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு அடுத்து ஒரு பெயிண்டோ ஸ்டிக்கரோ விற்பார்கள். இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரேடானைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

மருமகன் கொண்டுவந்த கருவி மோசமில்லை. உள்ளே ஒரு சின்ன அறை, அதில் நுழையும் ரேடான் சிதையும்போது வரும் ஆல்ஃபாவை எண்ணுகிறது. ஆனால் வீட்டில் இருக்கும் அளவுக்கு ஒரு மணி நேரத்தில் அதற்குக் கிடைக்கும் எண்ணிக்கை சொற்பம், ஒரு ராத்திரியில் வரும் எண் நிறைய முன்னே பின்னே ஆடும். தவிர, ரேடான் தானே ஆடுகிற ஆசாமி. விடியற்காலையில் உச்சம், மத்தியானம் கீழே. மழை பெய்து வெளி மண் நனைந்து அடைத்துக்கொண்டால், மண்ணில் இருக்கும் வாயு காய்ந்து கிடக்கும் வீட்டுத் தரையை நோக்கித் திரும்பும். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்று ஓடுகளையே தூக்கும், அப்போது எந்த வீட்டிலும் ரேடான் நிற்காது என்று நினைப்போம். ஆனால் தூசிக்குப் பயந்து நீங்கள் ஜன்னலை அடைப்பதும் அதே மாதங்களில்தான். ஐப்பசியில் ஒரு நாள் பெய்த மழையை வைத்து வருஷத்து மழையைச் சொன்னால் எப்படி இருக்கும், ஒரு ராத்திரி ரேடானும் அப்படித்தான். நமக்கு வேண்டியது வருஷத்துச் சராசரி.

அதனால் கருவியை வீடு வீடாக ஒவ்வொரு ராத்திரி அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே அறையில், நீங்கள் வழக்கமாகப் புழங்குகிற மாதிரியே புழங்கிக்கொண்டு, குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். தூங்கும்போது தலை இருக்கும் உயரத்தில், சுவரில் இருந்து ஒரு முழமாவது தள்ளி, ஜன்னல், ஃபேன், ஏசி காற்று நேராகப் படாத இடத்தில். அடுப்படியும் பாத்ரூமும் வேண்டாம். செட்டிங்கில் பெக்கரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு யூனிட்டில் பேசுவதால் வரும் பாதி குழப்பம் தீரும். அது காட்டும் ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், நீண்ட நாள் சராசரி என்று ஒன்று காட்டும், அதை மட்டும் நோட்டில் எழுதி வாருங்கள்.

ஊர் முழுவதற்கும் பார்க்க வேண்டுமானால் கருவியே தேவையில்லை, ஃபிலிம் போதும். எல்ஆர்-115 என்று சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம். சின்ன டப்பாவுக்குள் பொருத்தி அறையில் மூன்று மாதம் தொங்கவிட்டால் ஆல்ஃபா பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரி சூட்டில் ஊறப்போட்டால் அந்தத் தடங்கள் ஓட்டைகளாகும், எண்ணிக்கொள்ளலாம். கரண்டும் வேண்டாம், சத்தமும் கிடையாது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ஊசித்துளை டப்பா ஒன்று இருக்கிறது. இரண்டு அறை கொண்டது. இரண்டாவது அறைக்கு ஊசித்துளை வழியாகத்தான் போக வேண்டும், போய்ச் சேர்வதற்குள் தோரான் செத்துவிடும், ரேடான் மட்டும் போகும். இரண்டு எண்ணையும் கழித்தால் தோரான் தனியாகத் தெரியும். தேரி மண் பக்கம் உங்களுக்கு இதுதான் பொருத்தம். கதிரியக்க ஆராய்ச்சி நடக்கும் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஊர்ப் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அறுபது வீடு ஒரே இடத்தில் கிடைப்பது லேசில்லை, உங்களைத் தேடி வருவார்கள். கூடங்குளம் குடியிருப்பில் பாபா மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகமும் இயங்குகிறது, அங்கும் கேளுங்கள்.

அறுபது வீட்டிலும் முதலிலேயே வைக்க வேண்டாம். வகைக்கு நாலு வீடு எடுங்கள். மண்சுவர் ஓட்டு வீடு, அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, ஏசி போட்ட புது வீடு, செம்மண் நிரப்பிய வீடு. அங்கன்வாடியில் ஒன்று. பள்ளிக்கூடம் பகலில் திறந்து கிடப்பதால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஃபிலிமை உறையைப் பிரிக்காமலே ஒப்பிடுவதற்கு வைத்திருங்கள். ஐப்பசியில் தொடங்கி தை வரை ஒரு தடவை, வைகாசி முதல் ஆடி வரை இன்னொரு தடவை. வீட்டுக்காரர் பெயரை எழுதாமல் நம்பர் போடுங்கள், எந்த நம்பர் எந்த வீடு என்பது உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சிரிக்காதீர்கள், 'அந்த வீட்டில் கேஸ் இருக்காம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். தபால் கொடுத்த ஆள் நீங்கள், ஊர் ரகசியம் காப்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு வந்த புற்றுநோய் எதனால் வந்தது என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது. அவருக்குப் பீடிப் பழக்கம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்து 2005-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நீண்ட கால ரேடான் அளவு 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது. கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் எதில் 16 சதவீதம் என்று பார்க்க வேண்டும். புகையே பிடிக்காத ஆயிரம் பேரில், ரேடானே இல்லாவிட்டாலும் 75 வயதுக்குள் நாலு பேருக்கு இந்த நோய் வருகிறது. 100 பெக்கரல் வீட்டில் அது ஐந்து பேர், 400 பெக்கரல் வீட்டில் ஏழு பேர். புகைப்பவர்கள் ஆயிரம் பேரில் இதே மூன்று எண்களும் 100, 120, 160. ரேடானும் புகையும் ஒன்றை ஒன்று தூக்கிவிடுகின்றன என்பது இதில் தெரிகிறது. ரேடானை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியான பட்டியலில் சேர்த்துவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்த ஆறு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் ஊருக்கு எது முதல் வேலை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றிச் சோறு தின்கிற மாவட்டம் நம்முடையது, அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனசில்லை. அந்தக் கூலி வேறு விஷயம். இழுப்பது வேறு. புகையிலை இலையின் பிசுபிசுத்த ரோமங்களில் ரேடானின் பேரப்பிள்ளைகளான ஈயம்-210, பொலோனியம்-210 படிந்திருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ரேடானுக்குப் பயந்து கிரானைட்டை உடைக்கத் துடிக்கிறவர், அதே மூச்சில் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தால் என்ன சொல்வது?

போர் தண்ணீரை அதிகம் நினைக்க வேண்டாம். கெட்டிப் பாறையில் ஆழமாகப் போட்ட போரில் ரேடான் கரைந்திருக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீரில் பத்தாயிரம் பங்கு இருந்தால்தான் வீட்டுக் காற்றில் ஒரு பங்கு கூடும் என்பது பொதுவான கணக்கு. லிட்டருக்கு 100 பெக்கரல், அதாவது கன மீட்டருக்கு ஒரு லட்சம் உள்ள தண்ணீர்கூட வீட்டுக் காற்றில் 10 பெக்கரலைத்தான் சேர்க்கும். மாடி டேங்கில் கொட்டி, குழாயில் விழுந்து, குடத்தில் நிற்பதற்குள் நிறையப் பறந்துவிடும். கொதிக்க வைத்தால் மிச்சமும் போகும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலையே கிடையாது. கிரானைட்டும் அப்படித்தான். பாலிஷ் போட்ட கல்லில் இருந்து வெளியே வரும் வாயு, அடியில் இருக்கும் மண்ணில் இருந்து வருவதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அற்பம். சொல்லப்போனால் மண்ணுக்கும் உங்களுக்கும் நடுவில் அது ஒரு மூடி. அதை உடைத்தால் ஒரு வாரம் கல் தூசியைத் தின்பதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது சின்ன வேலைகள். சுவரும் தரையும் சேரும் ஓரம், ஏசி குழாய் நுழையும் இடம், பாத்ரூம் பைப்பைச் சுற்றி, ஒயர் பைப் தரையில் இருந்து கிளம்பும் இடம், இங்கெல்லாம் இடுக்கு இருந்தால் சிலிக்கான் சீலண்ட் வைத்து அடையுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் ராத்திரி திறந்து வைக்க மதினியும் சம்மதிப்பார்கள். காற்றடி காலத்தில் மேற்கு ஜன்னலைச் சாத்தி கிழக்கு ஜன்னலைத் திறங்கள், தூசி வராது, காற்று மாறும். ஏசி ஓடும்போது ஜன்னலில் இரண்டு விரல் சந்து விட்டால் கரண்டு பில் கொஞ்சம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டு அறையை இறுக்கிச் சாத்தாதீர்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகத் தரை வெடிப்பு வழியாகவே மண்வாயுவை இழுத்துவிடும். ஃபேன் போட்டால் எதிர்ப்பக்கம் காற்று வர ஒரு வழி வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு மூன்று மாதச் சராசரி 100-க்குக் கீழே வந்தால் விட்டுவிடுங்கள். 300-க்கு மேலேயே நின்றால் தரைக்கு அடியில் குழாய் இறக்கி வாயுவை மாடிக்கு மேல் கொண்டுபோகும் முறை இருக்கிறது, அப்போது எனக்கு எழுதுங்கள். இடையில் நின்றால் அவசரமில்லை, காற்றோட்டத்தை இன்னும் கூட்டப் பாருங்கள்.

இனிமேல் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது ரொம்ப மலிவான வேலை. தரை போடும் முன் கொத்தனாரிடம் சொல்லி, நிரப்பிய மண்ணுக்கு மேல் அரை அடிக்கு வெறும் ஒன்றரை இஞ்ச் ஜல்லி பரப்பி, அதில் ஒரு நாலு இஞ்ச் பிவிசி பைப்பின் வாயைப் புதைத்து மட்டப்பாவுக்கு (மொட்டை மாடிக்கு) மேல் வரை ஏற்றிவிட வேண்டும். ஜல்லிக்கு மேல் கனமான பாலிதீன் விரித்து, அதற்கு மேல் கான்கிரீட். மண்ணில் இருந்து வரும் வாயு ஜல்லிக்குள் சேர்ந்து பைப் வழியாக வானத்துக்குப் போய்விடும். பின்னால் தேவைப்பட்டால் பைப்பில் ஒரு சின்ன ஃபேன் மாட்டிக்கொள்ளலாம். ஈரம் ஏறுவதும் குறையும், அதற்காகவாவது கொத்தனார் ஒத்துக்கொள்வார்.

அம்மாவை மாடிக்கு மாற்றாதீர்கள். மாடியில் ரேடான் குறைவாக இருக்கும் என்பது சரிதான், ஆனால் 78 வயதில் ராத்திரி எழுந்து படியிறங்கும்போது வழுக்கி விழும் ஆபத்து எந்த ரேடானையும்விடப் பெரிது. அதற்காக அரங்கிலேயே விடவும் வேண்டாம். நெல்லும் பாத்திரமும் வைக்கக் கட்டிய அறை அது, ஜன்னல் கிடையாது, ரேடான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் படுக்கும் இடமில்லை. பட்டாசாலையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கள், முன்வாசல் காற்று வரும். 'இத்தனை வருஷம் இங்கதானே படுக்கேன்' என்று அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால், அரங்குக் கதவைச் சாத்தாமல் வைத்து, மேலே சுவரில் ஒரு வெண்டிலேட்டர் எடுக்கச் சொல்லுங்கள். கருவியை முதல் மாதம் ஏசி ரூமில் வைக்க வேண்டாம், அங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். அரங்கில் வையுங்கள், கதவு திறந்த நிலையில். வரும் சராசரியை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்பதோடு எழுதி அனுப்புங்கள்.